பயமுறுத்தும் புத்தகத்தைப் பரிந்துரைக்கிறேன்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அம்மையீர் அவர்களே! மேடையை மேன்மைப்படுத்தும் மூத்தோர்களே! மழலையை மடியில் இருத்தி, மனத்தை இங்கே இருத்தியிருக்கும் தாய்மார்களே! பாதிக் கதையைப் பிரிய மனமின்றிப் பிரிந்து வந்திருக்கும் வாசகத் தோழர்களே! வணக்கம்.

படித்ததில் பிடித்ததைச் சொல்ல அழைத்தீர்கள். நான் படித்ததில் பயந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் தங்கை ஆடைத் தொழிற்சாலையில் தையல்காரி. கல்யாணத்தில் முடிகிற நாவல் என்றால் அவளுக்கு உயிர். "நாள் பூரா மிஷின் சத்தம்க்கா. வீட்டுக்கு வந்து வேற அழணுமா?" என்பாள். முன்வரிசை அம்மா சிரிக்கிறார்கள். உங்கள் கையில் இருப்பதும் அதே ரகம்தானே! இருக்கட்டும், நானும் படிக்கிறவள்தான்.

அவளுக்கு நம் நூலகத்திலிருந்து ஒரு தன்வரலாற்றை எடுத்துக் கொடுத்தேன். தொழிற்சாலைத் தீயில் தப்பிய ஒரு பெண் எழுதியது. தீப்பிடித்ததும் பெண்கள் பின்படிக்கட்டுக்கு ஓடுகிறார்கள். கதவு பூட்டியிருக்கிறது. துணி திருட்டுப் போகுமென்று முதலாளி போட்ட பூட்டு! தட்டுகிறார்கள், கதறுகிறார்கள், கதவு திறக்கவில்லை. அந்தப் பக்கத்தோடு தங்கை புத்தகத்தை மூடிவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

மறுநாள் வேலைக்குப் போனவள், துணிக்கட்டுகளை விலக்கித் தன் தளத்தின் பின்கதவைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. பூட்டு!

மேற்பார்வையாளரிடம் ஓடினாள். "சார், பயமா இருக்கு. அந்தக் கதவைத் திறந்து வைங்க."

"கண்ட கதையையும் படிச்சிட்டு வந்து உளறாதே. வேலை வேணுமா, வேணாமா?"

வேலை வேண்டும். உயிர் வேண்டாமா? கேட்க நா எழவில்லை அவளுக்கு. உங்களுக்கு எழுந்திருக்குமா? எனக்கு எழுந்திருக்காது. ஆனால் சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் பக்கங்களைத் தோழிகளுக்கு வாய்விட்டுப் படித்தாள். குரல் நடுங்கியது, படித்தாள். கேட்டவர்கள் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. மணி அடித்தது. ஒரு மிஷினும் ஓடவில்லை. "பூட்டைத் திறங்க, தைக்கிறோம்" என்று அத்தனை பேரும் நின்றார்கள். மேற்பார்வையாளர் முணுமுணுத்துக்கொண்டே சாவியோடு வந்தார்.

அதே மாதம், இஸ்திரி போடும் பகுதியில் தீப்பிடித்தது.

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் நின்றிருந்தேன். தெருமுனையில் கரும்புகை! ஓடினேன். முன்வாசல் முழுக்க நெருப்பு. சந்து வழியாகப் பின்பக்கம் போனேன். இருமிக்கொண்டே இறங்கி வருகிறார்கள் பெண்கள். ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். இவள் இல்லை. இவளும் இல்லை. இல்லை, இல்லை, இல்லை! கடைசியில், சுவரைத் தடவித் தடவி ஒருத்தி வந்தாள். என் தங்கை! கட்டிக்கொண்டேன்.

"எல்லாரும் வந்துட்டோம்க்கா" என்றாள். "லைப்ரரி புத்தகம்தான் உள்ளேயே போயிடுச்சு."

நூலகர் ஐயா, முறைக்காதீர்கள்!

தோழர்களே, கல்யாணக் கதைகளை ஆசை தீரப் படியுங்கள். கூடவே, உங்களை அச்சுறுத்தும் நூல் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அஞ்சியவள்தான் கதவைத் தள்ளிப் பார்த்தாள்! அஞ்சியவள்தான் வாய்திறந்து கேட்டாள்! அஞ்சியவர்கள்தான் ஒன்றாய் நின்றார்கள்!

மேடையேறுமுன் இந்த மண்டபத்தின் பின்கதவைத் தள்ளிப் பார்த்தேன். பூட்டியிருக்கிறது. இத்தனை தாய்மார்கள், இத்தனை பிள்ளைகள்! காவலாளி ஐயா, சாவி உங்களிடம்தானே? தயவுசெய்து எழுந்திருங்கள். நீங்கள் திறக்கும்வரை நான் இறங்கமாட்டேன்.

திறந்துவிட்டார். காற்று வருகிறது, பாருங்கள். அவருக்கும், அஞ்சியபடியே அமர்ந்து கேட்ட உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்.