நுணுக்குக்காட்டியில் ஓர் இமைமயிர்

“என்ரை இமைமயிரைக் கிருமியெண்டு நினைச்சுப் படம் கீறிப்போட்டன்.”

அச்சுவேலி பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் மனைவியிடம் சொன்னார். வாழை நோய்களைப் படமாக வரைய, ஆராய்ச்சிக்கூடம் ஒரு மாதம் தங்க அழைத்திருந்த ஓவியர் அவர். வெளியே நீர்வேலி வாழைகள் ஜன்னலைத் தொட்டுத் தொட்டு விலகின.

“ஐயோ, உங்களை அனுப்பிப்போட்டினமே?”

“நானும் பயந்து பெட்டியைக் கட்டினனான். அந்த ஆராய்ச்சி அம்மா விடேல்லை. தானும் முதல் நாள் நுணுக்குக்காட்டியிலை தன்ரை இமைமயிரைத்தான் கண்டவவாம். பக்கத்திலை நிண்டு, கண்ணை எப்பிடி வைக்கிறதெண்டு காட்டித் தந்தவ.”

“அவ நல்லாயிருக்கோணும். திங்கட்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோய்க் குடுங்கோ.”

“தின்னமாட்டா. வெட்டிக் கண்ணாடிக்குக் கீழை வைச்சிடுவா.”

“வைக்கட்டுமன். படம் கீறுறதுக்கு நீங்கள் அங்கை நிக்கிறியள்தானே.”