இன்ஜின் பலகைக்கு அடியில் கிடைத்தது

— …அதோட விட்டானா சைக்கிள் கடைக்காரன்? திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, இது எங்க தொழில் சாமான்தான்னு அடிச்சுச் சொல்லிட்டான்.

— யாருகிட்டக்கா, எங்க வீட்டுக்காரர்கிட்டயா?

— பின்னே, என் வீட்டுக்காரர்கிட்டயா? அந்த மனுஷன் படுத்தா எழுப்ப நாலு ஆள் வேணும். உன் வீட்டுக்காரர்தான்டி. மூணு மாசமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், தன் படகுல கிடைச்ச அந்தத் துருப்பிடிச்ச சனியனைத் துண்டுல சுத்தி, பச்சைக் குழந்தை மாதிரி தூக்கிட்டுக் கடை கடையா ஏறி இறங்குறார். இஸ்திரி போட்டுக்கிட்டே எல்லாத்தையும் பார்க்கிறேன்ல.

— துணியையும் கொஞ்சம் பாருங்க. போன தடவை ஒரு பொத்தான் உருகிடுச்சு.

— பொத்தானை விடு, கதையைக் கேளு. குழாய் ரிப்பேர்க்காரன் ஒத்துக்கலை. நுனியில இருக்கிற பித்தளையைத் தட்டிப் பார்த்துட்டு, இது குழாய் வேலைக்கு உள்ளதுன்னுட்டான். ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. பல் டாக்டர்கிட்டகூட காட்டினாராம். நல்லவேளை, இது எங்க தொழில் இல்லைன்னாராம் அவர்.

— எங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்?

— இன்ஜின் பலகைக்கு அடியில கிடைச்சது படகுச் சாமானாத்தான் இருக்கும், தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்கன்னு மூக்கு விடைச்சு நின்னார்.

— கோவப்பட்டாரா… எத்தனை நாளாச்சு, அவர் கோவப்பட்டு.

— அழறியா?

— புகைக்கா. உங்க பெட்டிப் புகை.

— கரண்டுப் பெட்டியில புகை. சரி, இருக்கட்டும். மாசக் கடைசியில படகை உடைக்கிறவன் வர்றானாமே?

— வர்றான். அன்னிக்கு நடு ஆத்துல இன்ஜின் நின்னு, அடுத்த படகுக்காரன் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தான்ல… அதுலேர்ந்து என் கைக்குத் தொழிலே மறந்துபோச்சு, இனி சனங்களை ஏத்தமாட்டேன், பலகை பலகையா பிரிச்சு எடுத்துக்கட்டும்னு ஒரே பிடிவாதம். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. ஏறினவங்களே மறந்தாச்சு.

— நானும் அதுல இருந்தேன்டி. பக்கத்துல உட்கார்ந்தவளோட குடும்பக் கதை முழுசும் கேட்டு முடிச்சேன். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

— அதுக்கப்புறம் அவர் படகுப் பக்கமே போகலை. சாப்பாட்டுத் தூக்கு அங்கேயே கிடக்கு, எடுத்துட்டு வாங்கன்னு நான்தான் நச்சரிச்சு அனுப்பினேன்.

— அப்பதான் இது கிடைச்சுது.

— ஆமா.

— தூக்கு எங்கே இருந்துச்சு?

— …அதுவும் பலகைக்கு அடியிலதான்.

— சாப்பாட்டுத் தூக்கு, இன்ஜின் பலகைக்கு அடியில. நல்ல இடம்.

— என்னக்கா அப்படிப் பார்க்குறீங்க?

— ஒண்ணுமில்லை. உன் வீட்டுத் தையல் மிசின் சத்தத்தையே கொஞ்ச நாளா காணோம். அது கேட்டாத்தான் எனக்கு மத்தியானம் கண்ணு சொக்கும்.

— வேலை வரலை.

— வேலை வராதவ விரல்ல எதுக்கு இத்தனை ஊசிக் குத்து?

— அது… கைத் தையல்க்கா, சும்மா.

— மிசின்ல மிதியையும் சக்கரத்தையும் சேர்க்க நீளமா ஒரு கம்பி இருக்கும். அந்தச் சனியனுக்கும் நடுவுல நீளமா ஒரு கம்பி.

— அக்கா, மெதுவா.

— கைப்பிடி என் பழைய இஸ்திரிப் பெட்டியோடது. கதவுக்கு முட்டுக் கொடுக்கணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனியே. அவர் முதல்ல என் கடைக்குத்தான் கொண்டுவந்தார். இந்த மாதிரி கைப்பிடி எங்கேயாவது பார்த்திருக்கீங்களான்னார். ஜென்மத்துல பார்த்ததில்லைன்னேன். பத்து வருஷம் நான் பிடிச்ச கைப்பிடி.

— …சுருள் சைக்கிள் சீட்டோடது. பித்தளை, பழைய குழாயோடது. எல்லாத்தையும் கட்டுக்கம்பியால இறுக்கிக் கட்டி, உப்புத் தண்ணியில ஊறப்போட்டு, சாம்பல்ல புதைச்சு வெச்சேன்.

— அதான் ஆளாளுக்கு எங்க சாமான், எங்க சாமான்னு நின்னானுங்க. எல்லாரும் சரியாத்தான் சொல்லியிருக்கானுங்க, பாவம். எதுக்குடி இந்தக் கூத்து?

— வேற என்ன பண்றது? போங்கன்னா போகமாட்டார். பேசுங்கன்னா பேசமாட்டார். ஆனா என்னன்னு புரியாத சாமான் கையில கிடைச்சா விடமாட்டார்க்கா. கல்யாணத்தன்னிக்கே எங்க அப்பா வீட்டுக் கடிகாரத்தைக் கழட்டிப் போட்டவர். இது இன்ஜின்ல எங்கே மாட்டுறதுன்னு பார்க்க, அதைப் பிரிச்சுத்தானே ஆகணும்? பிரிச்சார்னா கைக்குத் தானா ஞாபகம் வந்துடும்.

— பிரிச்சாரா?

— எங்கே… துண்டு மூட்டையோட காலையில கிளம்பினா இருட்டிதான் வர்றார். இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கார் போல. நடுவுல யாராச்சும் உண்மையைச் சொல்லிட்டா முடிஞ்சுது, மறுபடியும் சுவர்தான். நீங்க வாயைத் திறந்துடாதீங்கக்கா. எனக்கு உங்க வாயை நினைச்சாத்தான் பயம்.

— இந்த வாய்க்குள்ள போன ரகசியம் என்னிக்காவது வெளிய வந்திருக்கா?

— வராம இருந்திருக்கா?

— சரி, சரி. ஒண்ணு கேட்கிறேன். உன் மிசினுக்கு எண்ணெய் போடுறது யாரு?

— அவர்தான், எப்பவும்… அக்கா?

— கிடைச்ச அன்னிக்கே தெரிஞ்சுபோச்சுடி அவருக்கு. எண்ணெய் போடலாம்னு உறையைத் தூக்கினா, கம்பியைக் காணோமாம். இவ்வளவு பாடுபட்டிருக்கா, ரெண்டு கடை ஏறி இறங்கிட்டு வந்தா அவ முகத்துல ஒரு சிரிப்பு வரும்னுதான் கிளம்பினாராம். போன இடமெல்லாம் சனங்க, படகை எப்போ விடுவீங்க, சுத்திப் போய்ப் போய்க் கால் போச்சுன்னு கேட்டுக் கேட்டு… இப்போ பகல் முழுக்கப் படகுலதான் இருக்கார், இன்ஜினைப் பிரிச்சுப் பரப்பிக்கிட்டு. சாயங்காலம் உனக்காக ஒப்புக்கு ஒரு கடை. உடைக்கிறவனை வரவேண்டாம்னுட்டார். நேத்து இன்ஜின் ஓடிச்சு, என் காதால கேட்டேன். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கியிருக்கார்… அதனால நான் எதுவும் சொல்லலை, நீயும் எதுவும் கேட்கலை. இந்தா அவர் சட்டை. பார்த்து வாங்கு, அவர் கழட்டிக் கொடுத்த மிசின் கம்பி மடிப்புக்குள்ள இருக்கு.