ஏரிக்காரன் பூசிய நீலம்

ஜெபா: கன்னியப்பண்ணே, லாரித் தண்ணி அதுபாட்டுக்கு கீழ்த்தொட்டி சம்புல விழட்டும். நீங்க வந்து இந்த மேப்பப் பாருங்க.

கன்னியப்பன்: லாரிய உட்டுட்டா? சரி, காட்டு… இன்னாம்மா, ஒரே நீலமா கீது?

ஜெபா: நம்ம அப்பார்ட்மெண்ட்! நான் குடியிருக்குற வீட்ட ஏரின்னு காட்டுது.

கன்னியப்பன்: போன்ல இன்னா வேணா வரும். உடு.

ஜெபா: இது கம்பெனி மேப் இல்லண்ணே. எங்கள மாதிரி ஆளுங்க சம்பளம் வாங்காம வரையறது. பாரிவாக்கத்துல பாதி தெரு நான் போட்டதுதான்.

கன்னியப்பன்: அப்ப நீயே அழிச்சிட வேண்டியதுதானே?

ஜெபா: ஒரு மாசத்துல ஒன்பது தடவ அழிச்சேன்! ஏரிக்காரன்ங்கற பேர்ல ஒருத்தன்… நான் அழிக்க அழிக்க திரும்பத் திரும்ப நீலம் பூசறான்.

கன்னியப்பன்: யாராம்?

ஜெபா: எவனோ வேல வெட்டி இல்லாதவன்.

கன்னியப்பன்: ம்ம்… இருக்கும், இருக்கும்.

ஜெபா: மேப் குழுவுல பெரியவங்ககிட்ட புகார் போட்டேன். அவங்களுக்கு ஒரே ரூல்தான். நேர்ல கண்ணால பாத்ததத்தான் வரையணும். ஊர்க்காரர் நீங்க, இந்தக் காஞ்ச தரையில நின்னு ஒரு போட்டோ குடுத்தா போதும்.

கன்னியப்பன்: எந்த மாசம் பாத்தத சொல்லணும்?

ஜெபா: புரியல…

கன்னியப்பன்: சித்திரைலயா, கார்த்திகைலயா? போன கார்த்திகைல உன் ஊட்டு வாசப்படிலேருந்து உன்ன படகுல ஏத்துனது யாரு?

ஜெபா: அது… மழத்தண்ணிண்ணே. மழை எங்கதான் பெய்யல?

கன்னியப்பன்: ஆமாமா, மழத்தண்ணி. பசங்க இங்க மீன்கூட புடிச்சானுங்க. இப்ப அதே எடத்துல நான் லாரில தண்ணி ஊத்திக்கினு கீறேன்…

ஜெபா: சிரிக்காதீங்கண்ணே. சாயங்காலத்துக்குள்ள இது மாறியாகணும்.

கன்னியப்பன்: இன்னா அவசரம்?

ஜெபா: யார்கிட்டயும் சொல்லாதீங்க… வீட்ட விக்கிறேன். ஸ்வாதின்னு ஒரு பொண்ணு, ஆவடில வாடகைக்கு இருக்கா. எல்லாம் பிடிச்சிருக்காம். மேப்பப் பாத்துட்டுத்தான் இழுக்கறா.

கன்னியப்பன்: இழுக்குதா? நெசமாவா?

ஜெபா: உங்களுக்கு ஏன் முகம் மலருது?

கன்னியப்பன்: அத உடு. நல்லாத்தானே கீது ஊடு… ஏன் விக்கிற?

ஜெபா: இன்னொரு கார்த்திகைய என்னால பாக்க முடியாதுண்ணே. மேகம் கறுத்தாலே எனக்கு பயமா இருக்கு.

கன்னியப்பன்: அந்த பயத்த ஸ்வாதி தலைல கட்டலாமா?

ஜெபா: அண்ணே… ஒரு நிமிஷம். ஏரிக்காரன்… நீங்களா? மேப் வரைய உங்களுக்கு எப்பிடி…

கன்னியப்பன்: கத்துகினேன். உங்க சம்பு ரொம்பற நேரத்துலதான்.

ஜெபா: ஏண்ணே? இதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?

கன்னியப்பன்: ஸ்வாதி எங்க அக்கா பொண்ணுமா. ஏரி, ஏரின்னு வாய் வலிக்க சொன்னேன்… ‘மேப்புல இல்லியே மாமா’ன்னுட்டா.