நீலத்தும்பிக்குப் பச்சை அடிச்சது யாரு?

...பச்சைங்கிறேன் தம்பி, பச்சை. அதுவும் நல்ல பச்சைகூட இல்ல. தண்ணித்தொட்டி ஓரத்துல பாசி புடிச்சுக் கெடக்குமே, அந்தப் பச்சை. பேரே நீலத்தும்பி. முதுகுல நாலு றெக்கை, நாலும் நீலம். முகமூடி நீலம், பூட்ஸு நீலம். நான் அரை டிராயர் போட்ட காலத்துலேருந்து நீலம். அவனைக் கொண்டுபோய்ப் பெரிய திரையில பாசிக்கலர்ல பறக்க விட்டா பெத்த வயிறு பத்தி எரியாதா? சரி, பெத்தது நான் இல்ல. வளர்த்தது யாரு? வாரா வாரம் பொஸ்தகக் கடை வாசல்ல நின்னு வாங்கிப் படிச்சு ஆளாக்கினது நாங்கதானே.

உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே? அம்மாவை இப்பத்தான உள்ள கூட்டிப் போனாங்க. பயப்படாதீங்க. கண்புரை ஆபரேஷன் இருபது நிமிஷம்தான். ஆனா அதுக்கு முன்னால உட்கார வெச்சு, பின்னால உட்கார வெச்சு, ஒன்றரை மணி நேரம் ஆக்கிடுவாங்க. எனக்கு வலது கண்ணு முடிஞ்சு அஞ்சு வாரம் ஆச்சு. இன்னிக்கு இடது. சொட்டு மருந்து விட்டு உட்கார வெச்சிருக்காங்க. உட்கார்ந்தே இருக்கேன்... ஏன்னு அப்புறம் சொல்றேன்.

என்னது, நீலத்தும்பி யாருன்னே தெரியாதா? அடப்பாவமே. சரி, உங்க மேல குத்தமில்ல. கேளுங்க. பகல்ல அவன் ஒரு லிஃப்ட் ஆபரேட்டர். பதினாலு மாடிக் கட்டடத்துல காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு, ஸ்டூல்ல உட்கார்ந்து, "எந்த மாடி சார்?"னு கேட்டுக்கிட்டிருப்பான். ஒருத்தனும் அவன் மூஞ்சியைப் பார்க்க மாட்டான். சாயங்காலம் டியூட்டி முடிஞ்சதும் மொட்டை மாடிக்குப் போயி றெக்கையை மாட்டுவான். அவ்வளவுதான், ஊரே அண்ணாந்து பார்க்கும். எனக்கு ஏன் அவனைப் புடிச்சதுன்னு கேக்குறீங்களா? நான் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஓட்டினவன் தம்பி. உலகத்துல எத்தனையோ சூப்பர் ஹீரோ. பணக்காரன், விஞ்ஞானி, வேற கிரகத்துக்காரன். லிஃப்ட் ஓட்டுறவன் அவன் ஒருத்தன்தான்.

ஒரு தரம் என் லிஃப்ட்டு ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல நின்னுபோச்சு. உள்ள பெரிய மேனேஜரும் அவரோட மாப்பிள்ளையும். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இருட்டு வேற. நான் நீலத்தும்பி கதையை எடுத்து விட்டேன். மூணு மணி நேரம். மெக்கானிக்கு வந்து கதவைத் திறந்தா மேனேஜர் வெளிய வர மாட்டேங்கிறார். மூடுய்யா கதவை, டாக்டர் துரு பாலத்தைத் தொட்டுட்டான், பஸ்ஸு வேற வருதுங்கிறார். மாமனாரும் மருமகனும் அன்னிக்கு ராசியானவங்கதான். சிரிக்காதீங்க. உண்மை. சரி, மூணு மணி நேரம் இல்ல, ஒண்ணே கால் மணி நேரம்.

டாக்டர் துரு யாருன்னா, அவன் வில்லன். தொட்ட இரும்பெல்லாம் துருப்புடிச்சுக் கொட்டிரும். ஏன்டா இப்படிப் பண்றேன்னு நீலத்தும்பி கேட்டா, "எனக்குப் புடிச்சிருக்கு"ம்பான். வில்லன்னா அப்படி இருக்கணும். படத்துல என்ன பண்ணிட்டாங்க தெரியுமா? சின்ன வயசுல அவனுக்கு சைக்கிள் வாங்கித் தரலியாம். அந்த ஏக்கத்துல இப்படி ஆயிட்டானாம். எனக்கும்தான் யாரும் சைக்கிள் வாங்கித் தரல. நான் எந்தப் பாலத்தை இடிச்சேன்?

இப்ப வர்ற படம் எல்லாமே அப்படித்தான் தம்பி. ஒருத்தனும் சிரிக்க மாட்டேங்கிறான். பறக்கத் தெரிஞ்சவன் எதுக்கு அழுவணும்? எனக்குப் பறக்கத் தெரிஞ்சா காட்டின பல்லை மூடவே மாட்டேன். அப்புறம் மழை. எந்நேரமும் மழை. சண்டை முழுக்க இருட்டுல. யாரு யாரை அடிக்கிறான்னு அடி வாங்கினவனுக்குத்தான் தெரியும். பொஸ்தகத்துல ஒரு குத்து விட்டா ஒரு கட்டம் முழுக்கக் குத்துதான் இருக்கும். பக்கத்துலயே "டமார்"னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான். சந்தேகமே வராது. அந்த "டமார்" இல்லாம என்ன சண்டை?

என்ன கேட்டீங்க? படம் முழுசா பார்த்தேனாவா? ...நல்லாக் கேட்டீங்க. வக்கீலா நீங்க? பதினோரு நிமிஷம் பார்த்தேன். போதாதா? மத்ததெல்லாம் கேள்விப்பட்டது. முதல் காட்சியில மொட்டை மாடியிலேருந்து குதிக்கிறான், றெக்கை விரியுது, பச்சை. எழுந்து நின்னுட்டேன். தியேட்டர்ல இருந்த அத்தனை பேர் கிட்டயும் இது அநியாயம்னு சொன்னேன். உட்காருய்யான்னாங்க. உட்காருவேனா? நான் சங்கத் தலைவர். வெளிய வந்துட்டேன்.

ஆமா, சங்கம் இருக்கு. நீலத்தும்பி வாசகர் சங்கம். ஒரு காலத்துல பதினோரு பேர் இருந்தோம். ஒவ்வொருத்தரா வேலை, கல்யாணம், வெளியூரு, மேலோகம்னு போயி, கடைசியில மிஞ்சினது ரெண்டு பேர். தலைவர் நான். செயலாளர் பெயிண்டர்.

இருங்க, நர்ஸம்மா வருது. ...வந்துருவான்மா, வந்துருவான், டீ குடிக்கக் கீழ போயிருக்கான்... சரிம்மா, பன்னண்டுக்குள்ள. கண்டிப்பா.

போயிடுச்சா? கோவிச்சுக்கிட்டுத்தான் போகுது. காலையிலேருந்து இதோட மூணாவது தரம். விஷயம் என்னன்னா தம்பி, துணைக்கு ஒரு ஆள் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள கூட்டிப் போவாங்களாம். கண்ணைக் கட்டி விடுற ஆளைத் தனியா வீட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு சட்டம். பன்னண்டு மணிக்குள்ள ஆள் வரலேன்னா பேரை அடிச்சிருவாங்க. அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தேதி. வலது கண்ணுக்கு என் பொண்ணு வந்து கூட இருந்தா. அவளுக்கு வேலை கடல் தாண்டி. எத்தனை தரம் லீவு போடுவா? இந்தத் தரம் பெயிண்டர் மாமா வருவார்னு சொல்லி வெச்சிருக்கேன். இன்னிக்குக் காலையிலயும் போன் பண்ணினா. மாமாகிட்ட குடுங்கப்பான்னா. மாமா இப்பத்தான் பாத்ரூம் போனான்னேன். டீ, பாத்ரூம், டீ, பாத்ரூம்... வராத மனுஷன் காலையிலேருந்து நடையா நடக்கிறான்.

இல்ல தம்பி, அதான் விஷயம். அவனுக்குத் தெரியவே தெரியாது. நாலு மாசமா எங்களுக்குள்ள பேச்சு இல்ல. சங்கத்துலேருந்து நான்தான் அவனை நீக்கினேன்.

பின்ன என்ன செய்யச் சொல்றீங்க? படம் பார்த்துட்டு வந்த மறுநாள் ஒரு கண்டனத் தீர்மானம் எழுதினேன். நீலத்தும்பிக்குப் பச்சை அடிச்ச படக் கம்பெனியை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறதுன்னு. செயலாளர் கையெழுத்துப் போடணும்ல? அவன் பேனாவை மூடி வெச்சுட்டு, எனக்கு நீலமாத்தான் தெரிஞ்சுது லிஃப்ட்டு, நீ எதுக்கும் கண் டாக்டர்கிட்ட ஒரு தரம் காட்டுன்னான். என்னை லிஃப்ட்டுன்னுதான் கூப்பிடுவான். எப்படி இருக்கும் எனக்கு? இவன் என்னை விட்டுட்டு முழுப் படமும் உட்கார்ந்து பார்த்தவன் வேற. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். உனக்கு நிறம்னா என்னன்னே தெரியாதுடான்னுட்டேன்.

போர்டு எழுதுற பெயிண்டர் தம்பி அவன். நாப்பத்தஞ்சு வருஷமா டப்பாவுல கலர் கலக்கிறவன். இந்தத் தெருவுல இருக்கிற பாதிக் கடை போர்டு அவன் கையால எழுதினது. அவனைப் பார்த்துச் சொல்லிட்டேன்.

அவன் எழுந்து போயிட்டான். நான் விடுவேனா? அவசரக் கூட்டம் போட்டேன். ஒருத்தர் வராத கூட்டத்துல ஏகமனதாத் தீர்மானம் நிறைவேறிச்சு. நீக்கல் கடிதத்தை ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன். அவன் வீடு அடுத்த தெருதான். இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? நாலாம் நாள் சங்கத்து ரப்பர் ஸ்டாம்ப்பை நியூஸ் பேப்பர்ல சுத்தி வாசல்ல வெச்சுட்டுப் போயிருந்தான். துடைச்சு, சுத்தமா. மை ஒரு பொட்டுகூட ஒட்டல. அதுதான் எனக்கு... சரி விடுங்க.

உங்ககிட்ட ஒரு உதவி கேக்கலாமா? சும்மா ஒரு கையெழுத்து. உங்கம்மாவுக்காக எப்படியும் இங்கதான இருக்கப் போறீங்க. எனக்கும் சேர்த்து... என்ன, அந்த நர்ஸம்மாகிட்ட ஏற்கெனவே ஒரு தரம் கேட்டாச்சு. உங்களைக் காட்டி, அவர் என் தம்பின்னேன். கோவிச்சுக்காதீங்க. அது லிஸ்ட்டைப் பார்த்துட்டு, அப்ப உள்ள இருக்கிற அம்மா உங்களுக்கும் அம்மாவா, அவங்க உங்களைவிட நாலு வயசு சின்னவங்களாச்சேங்குது. கணக்கு டீச்சராப் போயிருக்க வேண்டிய பொண்ணு.

போன் பண்ணி அவனைக் கூப்பிட வேண்டியதுதானேங்கிறீங்க. சுலபமாச் சொல்லிட்டீங்க. கூப்பிட்டா என்ன சொல்றது? அதான் சிக்கல். முழுசையும் சொல்லிடுறேன். நீங்க யாரோ நான் யாரோ, சொன்னா என்ன.

வலது கண்ணு கட்டைப் பிரிச்சு வீட்டுக்குப் போனேனா? வாசல் கதவைப் பார்த்து நின்னுட்டேன். நாலு வருஷம் முன்னால பெயிண்டர் அடிச்சுக் குடுத்த கதவு. அது வெளுத்துப் பச்சையாப் போச்சு, மட்டமான பெயிண்டை அடிச்சுட்டான்னு எத்தனையோ தரம் திட்டியிருக்கேன். யாரும்மா கதவுக்குப் புதுசாப் பெயிண்ட் அடிச்சதுன்னு பொண்ணைக் கேட்டேன். யாரும் அடிக்கலியேப்பாங்கிறா. நீலம் தம்பி. சுவிட்சைப் போட்ட மாதிரி ஒரு நீலம். உள்ள ஓடிப்போயிக் கட்டிலுக்கடியிலேருந்து பொஸ்தகப் பெட்டியை இழுத்தேன். என் பொஸ்தகமெல்லாம் பழசாகிப் பச்சை பூத்துப் போச்சுன்னுதான் இத்தனை நாளா நெனைச்சுக்கிட்டிருந்தேன். இடது கண்ணைப் பொத்திக்கிட்டுப் பார்த்தா, அட்டைக்கு அட்டை நீலம். வலதைப் பொத்தினா, பாசி. படத்தோட போஸ்டர் ஒண்ணை சாட்சிக்குன்னு சுருட்டி வெச்சிருந்தேன். அதை விரிக்கவே எனக்குக் கை வரல. விரிச்சேன். வலது கண்ணுக்கு நீலம். எங்க நீலம். அச்சு அசலா, ஒரு இம்மி பிசகாம.

புரை முத்தினா அப்படித்தானாம். டாக்டர் சொன்னார். மஞ்சக் கண்ணாடி வழியாப் பார்க்கிற மாதிரி ஆயிடுமாம், நீலமெல்லாம் செத்துப் போயிடுமாம். கொஞ்சம் கொஞ்சமா நடக்கிறதால நமக்கே தெரியாதாம். படக் கம்பெனிக்காரன் அடிக்கல தம்பி. பச்சை அடிச்சது என் கண்ணு.

ஆக இப்ப ஓட்டு சமம். வலது கண்ணு அவன் கட்சி, இடது கண்ணு என் கட்சி. இன்னிக்கு இந்த ஆபரேஷன் முடிஞ்சா எனக்குன்னு பேச ஒரு கண்ணுகூட இருக்காது. பேசாம இடதை இப்படியே விட்டுட்டா என்னன்னுகூட நெனைச்சேன். சத்தியமா நெனைச்சேன். ஆனா பெட்டியைத் திறந்து ஒரு பொஸ்தகத்தைப் பார்த்தவுடனே யாரைக் கூப்பிட்டுக் காட்டத் தோணுச்சுங்கிறீங்க? அந்தக் கடங்காரனைத்தான்.

மணி என்ன? பதினொண்ணே முக்காலா?

...இந்தாங்க போன். சொட்டு மருந்துல எழுத்தெல்லாம் கரைஞ்சு தெரியுது, நீங்களே அமுக்குங்க. பெயர்ல தேடாதீங்க, அழிச்சுட்டேன். நம்பர் மனப்பாடம், சொல்றேன். ம்... ஆமா, கடைசியில ரெண்டு எட்டு. மணியடிக்குதா? ஸ்பீக்கர்ல போடுங்க. காதுல வெச்சா எனக்குத் தைரியம் வராது.

எடுத்துட்டான். டேய்... நான்தான். ...நீலம்டா.

இருங்க, பெயிண்ட் டப்பாவை மூடுறான். சத்தம் கேக்குது.

...என்ன கேட்டான், கேட்டீங்களா? "எந்தக் கண்ணுல?"ங்கிறான். பாத்தீங்களா தம்பி, வலது கண்ணு முடிஞ்சது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. என் பொண்ணுதான் சொல்லியிருப்பா. வலது கண்ணுலடா. இடதுக்குத்தான் இன்னிக்கு. துணைக்கு ஆள் இல்லாம உட்கார்ந்திருக்கேன். உனக்கு நிறம் தெரியாதுன்னு நான் சொன்னது தப்புடா. எனக்குத்தான் தெரியல. ...ஆமா, கண் ஆஸ்பத்திரிதான். மூணாவது மாடி. ...ஆட்டோவுல வாடா, நடந்து வராத, பன்னண்டுக்குள்ள வரணும்.

என்னது? வைக்காத, சொல்லு. ...நான் எங்கடா பார்த்தேன், பதினோரு நிமிஷத்துல எழுந்து வந்துட்டேனே. ...இல்லியா? படம் முழுக்கவா? ஒரு காட்சியில கூடவா? அடப்பாவிங்களா.

தம்பி, கேட்டீங்களா அநியாயத்தை? மாமியாரைத் தூக்கிட்டானுங்களாம். நீலத்தும்பியோட மாமியார்! உலகத்துலயே மாமியாரோட குடித்தனம் பண்ற ஒரே சூப்பர் ஹீரோ தம்பி அவன். அவன் யாருன்னு பொண்டாட்டிக்கே தெரியாது, மாமியாருக்கு மட்டும்தான் தெரியும். கிழிஞ்ச றெக்கையை விடிகாலையில உட்கார்ந்து தைச்சுக் குடுக்கிறது அந்தம்மாதான். தைக்கும்போதே திட்டும், ஒழுங்காப் பறக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு றெக்கைன்னு. அந்தத் திட்டுக்குப் பயந்துதான் அவன் அடிபடாமச் சண்டை போடுறதே. மாமியாரை எடுத்துட்டா கதையில மிச்சம் என்ன இருக்கு? நாலு றெக்கையும் ஒரு லிஃப்ட்டும்!

டேய், இதை ஏன்டா அப்பவே சொல்லல? ...என்னது? ...சரி. சரிடா. வா. நேர்ல பேசலாம். வை.

நாலு மாசமா இதைச் சொல்லித் திட்ட ஆள் இல்லாமத் தவிச்சுக்கிட்டிருந்தானாம் தம்பி. யார்கிட்ட சொன்னாலும் மாமியார் இல்லாட்டி நல்லதுதானேங்கிறாங்களாம். படிக்காத ஜனங்க.

அதோ, உங்கம்மாவைக் கூட்டிட்டு வர்றாங்க பாருங்க. போங்க, போங்க, கையைப் புடிங்க. நல்லபடியா முடிஞ்சுதாம்மா? உங்க பையன் தங்கமான புள்ளை, வாயே திறக்கல. வீட்டுக் கதவு என்ன கலர்னு நாளைக்குப் பாருங்கம்மா, ஆச்சரியப்படுவீங்க.

நர்ஸம்மா, வாங்க. எழுதிக்குங்க, ஆள் வர்றான், ஆட்டோவுல ஏறிட்டான். இந்தத் தரம் நிஜமா. பேரு பெயிண்டர்னு போடுங்க, கேட்டா எல்லாரும் சொல்லுவாங்க. உறவு முறையா? ...செயலாளர். ஆமாம்மா, அப்படியே எழுதுங்க. அவன் வந்தவுடனே எங்க ரெண்டு பேருக்கும் ஒரு பேப்பரும் அஞ்சு நிமிஷமும் குடுங்க, அப்புறம் கண்ணை என்ன வேணா பண்ணிக்குங்க. அவசரமா ஒரு கண்டனத் தீர்மானம் எழுத வேண்டியிருக்கு. உங்களுக்கு மாமியார் இருக்காங்களாம்மா? அப்ப உட்காருங்க, உங்களுக்குப் புரியும்...