பூக்காத காந்தள்

காந்தள் விதையை ஊறப்போடாமல் விதைத்தால் முளைக்காது. ஊறப்போட்டாலும் முளைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், ஐயா. 1954 ஆடியில் நாற்பது விதை போட்டேன், ஒன்றுகூட வரவில்லை. மறு வருஷம் கல்லில் லேசாகத் தேய்த்து, மூன்று நாள் ஊறவைத்து, இன்னொரு நாற்பது. பதினொன்று முளைத்தன. மண்ணின் குற்றமா, என் கையின் குற்றமா என்று நாட்குறிப்பில் இரண்டையும் எழுதி, இரண்டையும் அடித்து வைத்திருக்கிறேன்.

அரிமளத்தில் என் அண்ணன் மலையாண்டியின் வீட்டுக் கொல்லையில் போட்டேன். கோடையில் கொடி காய்ந்துவிடும். மழை விழுந்தால் கிழங்கிலிருந்து மறுபடி கிளம்பும். கோழி கிளறியதும் ஆடு கடித்ததும் போக நான்குதான் மிஞ்சின. நான்காவது மழைக்கு, போன புரட்டாசியில், நான்கிலும் மொட்டு. அன்று மாலை வந்து பார்த்தால் நான்கும் வேலியோரம் வேரோடு கிடந்தன. அண்ணி பொன்னுத்தாய் கொத்திக்கொண்டிருந்தாள்.

"திங்கவும் ஆகாது, தலையில வைக்கவும் ஆகாது. அவரை போடுறேன் தம்பி, கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

நான் கோபிக்கவில்லை. கிழங்குகளைக் கழுவி ஒரு சட்டியில் போட்டு, 'விஷக்கிழங்கு' என்று சீட்டு எழுதி ஒட்டி, அடுப்படியில் வைத்தேன். வேறு இடம் இல்லை.

ஊரில் நடக்கும் முதியோர் மாலை வகுப்புக்கு அண்ணி வந்துகொண்டிருந்தாள். எந்தத் தேதியில் எந்த எழுத்து நடந்தது என்று குறிப்பவன் நான். வடமொழி எழுத்துகள் கடைசியில்தான் வரும்.

மறுநாள் அவள் சீட்டை எழுத்துக் கூட்டினாள். 'வி' என்றாள், நின்றாள், 'கிழங்கு' என்றாள். கிழங்கு விடும் என்று முன்னமே சொல்லியிருந்தால் பிடுங்கியிருக்க மாட்டேனே என்று வருத்தப்பட்டாள்.

"நடுவுல இது என்ன எழுத்து, தம்பி?"

"இன்னும் நடத்தலை. அடுத்த மாசம் வரும்."

சிரித்தாள். "அப்ப விதைக்கெழங்கு. விதை போட்டுத்தான வந்துச்சு."

தெரியாத எழுத்தை ஊகித்துப் படிக்கிறாள், நல்ல முன்னேற்றம் என்று அன்றைக்குக் குறித்திருக்கிறேன்.

அவள் ஜெகதாப்பட்டினத்துப் பெண். மீன் தெரியும், காட்டுக் கிழங்கு தெரியாது. அண்ணனுக்குத் தெரியும், அவன் அன்று காலை பஸ்ஸில் கீரனூர் போயிருந்தான். கருவாட்டுக் குழம்பில் நான்கையும் நறுக்கிப் போட்டாள். எனக்கு வயிறு சரியில்லை என்று மோர்சோறு சாப்பிட்டேன். எனக்கென்று ஒரு கிண்ணம் குழம்பு எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் அவள் உட்கார்ந்தாள். மாலைக்குள் வாந்தி தொடங்கியது. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

'நஞ்சு' என்று எழுதியிருக்கலாமே என்று கேட்டீர்கள். 'ஞ' ஆவணியிலேயே நடத்தியாயிற்று. படித்திருப்பாள், படித்திருந்தால் தின்றிருக்க மாட்டாள். அதனால்தான் எழுதவில்லை.

எனக்கிருந்த சந்தேகம் வேறு. விஷத்துக்கும் கிழங்குக்கும் நடுவில் 'க்' வருமா, வராதா? அந்த மூன்று நாளும் அதுதான் உறுத்தியது. காரியம் முடிந்த மறுநாள் வாத்தியாரைக் கேட்டேன். வரும் என்றார். ஆக, என் பக்கம் பிழை எதுவும் இல்லை, ஐயா.