கிணற்றடிக் கொடியில் ஒரு வெள்ளை பனியன்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஒற்றைத் தையல் மிஷினோடு திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனி போட்டேன். அவிநாசிக்குப் பக்கத்தில் வீடு கட்டினேன். வெறும் பாறை என்று ஊரே சிரித்த இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டேன். மகன் குடும்பத்தோடு கோவையில் குடியேறிவிட்டதால், வீட்டை விற்க ஆறு மாதமாகப் பார்க்கிறோம். வருகிறவர்களுக்கு மருமகள்தான் கோவையிலிருந்து வந்து சுற்றிக் காட்டுகிறாள்.

நேற்று திருப்பூர் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி.

"ஊடு பாக்கப் போனா பனியனக் காட்டறாங்க" என்றார் அவர். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அந்தம்மா புதுப் பனியனை நம்ம முன்னாலயே கெணத்துத் தண்ணியில அலசிக் கொடியில போட்டாங்களே, பாத்தீங்களா? ஊட்டைச் சுத்திட்டு வந்தா அப்படியே வெள்ளையாக் காயுதுங்க."

"நம்மூட்டுத் தண்ணியில அலசுனா ரோஸாயிருக்கும். சாயப்பட்டறைக்குப் பக்கத்துல குடியிருக்கறமே."

"ஒரு வாய் குடிச்சேன். எளநியாட்ட இருந்துச்சுங்க."

"செவுத்துல விரிசல் இருக்குதே?"

"விரிசலப் பூசிக்கலாமுங்க. அந்தத் தண்ணிய எங்கீங்க போய்த் தேடறது?"

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "நாளைக்கே பேசி முடிச்சறலாம். அந்தம்மா சாமர்த்தியசாலிதான்."

மருமகள் சாமர்த்தியசாலிதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அவள் அலசியது என் தண்ணீரில். இந்தக் கிணற்றை வெட்டியவன் நான் என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதட்டும். அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன்.