தன்னைத் தானே காப்பாற்றக் குதித்தவள்

விழாத் தலைமையை ஏற்று வீற்றிருக்கும் எங்கள் பூங்காவின் இயக்குநர் ஐயா அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகப் பிள்ளைகளை ஏந்தி, முண்டியடித்து முன்வரிசையைப் பிடித்திருக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே கேட்கும் நெஞ்சுரம் மிக்க தந்தைமார்களே! ‘இந்த அம்மா எப்போது முடிப்பார், வெள்ளம் எப்போது வரும்’ என்று கால் ஆட்டிக்கொண்டிருக்கும் குழந்தைச் செல்வங்களே! அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

என்னை நன்றியுரைக்கு அழைத்திருக்கிறார்கள். நன்றியுரை என்பது என்ன? சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகிறவரை வழிமறித்து, ‘சாப்பாடு எப்படி இருந்தது?’ என்று கேட்கிற வேலை. ஆகவே சுருக்கமாக முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முடிப்பேன். ஆனால் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்வேன். ஐயா, முறைக்காதீர்கள். ஒலிபெருக்கி இப்போது என் கையில் இருக்கிறது.

என் முகம் உங்களுக்குத் தெரியாது. இந்த வெள்ளக் காட்சி நடக்கும்போது திரை ஓரத்து இருட்டில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு நிற்பவள் நான். ‘விளக்கு... இப்போ!’ ‘தண்ணி... இப்போ!’ ‘குதி... இப்போ!’ இவ்வளவுதான் என் வசனம். கல்லூரியில் எத்தனையோ சொற்களைப் படித்தேன். கடைசியில் வயிற்றுக்குச் சோறு போட்டது ‘இப்போ’ என்ற ஒரே சொல்தான். இருட்டில் நிற்கிறவளுக்கு யோசிக்க நேரம் நிறைய. யோசித்ததில் கொஞ்சத்தை இன்று வெளிச்சத்தில் வைக்கிறேன்.

என் பின்னால் தொங்கும் திரையைப் பாருங்கள். ஒரே துணி என்றா நினைத்தீர்கள்? மேலிருந்து கீழ்வரை இழுத்துக் கட்டிய வெள்ளை ரப்பர் நாடாக்கள். தள்ளினால் விலகும், விட்டால் மூடும். அதன்மேல் படத்தைப் பாய்ச்சினால் பொங்கும் வெள்ளம்! வெள்ளத்துக்கு முன்னால் இந்த மரப்பாலம். பாலத்தின் மேல் ஒரு பெண். அலை சீறி வருகிறது, பாலம் சரிகிறது, அவள் திரையை நோக்கிப் பாய்கிறாள். நாடாக்கள் விலகி அவளை விழுங்குகின்றன. பின்னால் மெத்தையில் அவள் விழுகிற அதே நொடியில், திரையில் அவள் படம் வெள்ளத்தில் விழுகிறது. வெள்ளம் அவளைப் புரட்டுகிறது. நீருக்கு மேல் ஒற்றைக் கை தெரிகிறது, மறைகிறது, இருட்டு! நீங்கள் ‘ஐயோ’ என்று வாயைப் பொத்தும்போது, திரைக்கு அடியில் புகுந்து, இதோ அதன் முன்னால் இருக்கும் இந்தக் குளத்திலிருந்து சொட்டச் சொட்ட எழுந்து வருகிறாள், நிஜமானவள்!

யாரம்மா அது, ‘எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே’ என்பது? கவலைப்படாதீர்கள் தாயே. தெரிந்த பிறகும் வாயைப் பொத்துவீர்கள். நானே பொத்துகிறேனே!

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் பட்டாசு. வாயைத் திறந்தால் வெடிப்பாள், அதனால். படத்தை ஓட்டுகிறவனுக்குப் பெயர் கடிகாரம். பட்டாசுக்குக் கடிகாரம் என்ன உறவு? புருஷன். எனக்கு? உடன்பிறந்த தம்பி. ஆக, நான் பட்டாசுக்கு நாத்தனார். சிரிக்கிறீர்களா? உலகத்தில் எந்த நாத்தனாராவது மேடையேறித் தம்பி பெண்டாட்டியைப் புகழ்ந்து கேட்டிருக்கிறீர்களா? இன்று கேளுங்கள்!

என் தம்பிக்கு ஒரு வேதவாக்கு உண்டு. ‘படம் யாருக்காகவும் நிக்காது.’ நியாயம்தான். ஓட ஆரம்பித்த படத்துக்கு ஈடுகொடுத்து மனுஷிதான் ஓட வேண்டும். அவள் தும்மினாலும் படம் ஓடும். அவள் காலில் முள் குத்தினாலும் படம் ஓடும். எங்கள் தொழிலில் படம் எஜமானி, ஆள் வேலைக்காரி.

ஒரு நாள் காலை இருவருக்கும் சண்டை. எதற்கு? புருஷன் பெண்டாட்டி சண்டைக்குக் காரணம் கேட்டவன் கரையேறியதில்லை. ஒப்பனை அறையில் நானும் இருந்தேன். ஈரச் சட்டைகள் காயும் கொடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள்.

“நேத்து அரை நொடி லேட்டு. படம் விழுந்த அப்புறம் நீ மறையற.”

“பாலம் வழுக்குச்சு.”

“படத்துக்கு அதெல்லாம் தெரியுமா?”

“படத்துக்குத் தெரியாது. ஓட்டறவனுக்குமா தெரியாது? என்னைக்காவது ஒரு நாள் எனக்காக அத நிறுத்துவியா?”

“படம் யாருக்காகவும் நிக்காது.”

“அப்போ அந்தப் படத்தையே கட்டிக்கிட்டு இருந்திருக்கலாமே! என்னை எதுக்குக் கட்டிக்கிட்ட? அண்ணி, உங்க தம்பிக்கு நெஞ்சுல என்ன, பேட்டரியா இருக்கு?”

நான் என்ன சொல்வது? நாத்தனார் வாயைத் திறந்தால் நெருப்பில் எண்ணெய். தலைவலி என்று சொல்லி நழுவிவிட்டேன்.

அன்று மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. அலை வந்தது. பாலம் சரிந்தது. ‘குதி... இப்போ!’ என்றேன். குதிக்கவில்லை! ஏன்? அவள் சட்டையின் கை, பாலத்துக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. இழுக்கிறாள், வரவில்லை. முறுக்குகிறாள், வரவில்லை. படம் நின்றதா? நிற்குமா? அது எஜமானி ஆயிற்றே! திரையில் அவள் படம் கையை விரித்துக்கொண்டு வெள்ளத்தில் விழுந்துவிட்டது!

பாலத்தில் ஒரு பட்டாசு. வெள்ளத்தில் ஒரு பட்டாசு. அதே சட்டை, அதே பின்னல், அதே முகம். அவையோர்களே, வேறு எந்தத் தொழிலில் இப்படி ஒரு தவறு நடக்கும்? நடிகர் வசனம் மறக்கலாம், பாடகர் சுருதி விடலாம். தான் செத்துக்கொண்டிருப்பதைத் தானே நின்று வேடிக்கை பார்க்கும் அவமானம் எங்களுக்கு மட்டுமே உரியது! முதலில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு ஒரு வரிசை. பிறகு அரங்கமே குலுங்கியது. விளக்கை அணைத்துவிடலாமா என்று நினைத்தேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? திரையை எட்டிப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள். அரங்கமே அதிரக் கத்தினாள்:

“அடியே! எனக்கு முன்னாடி உன்னை யாருடி குதிக்கச் சொன்னது? உனக்கு நீச்சல் தெரியாதேடி! இரு, வர்றேன்!”

சட்டைக் கையைப் பற்களால் கடித்துக் கிழித்தாள். பாய்ந்தாள்! சிரித்த அரங்கம் சிலையானது. அதுவரை அவள் உயிர் தப்பக் குதித்தாள். அன்று ஓர் உயிரைக் காக்கக் குதித்தாள். யாருடைய உயிரை? தன்னுடைய உயிரை! தாய்மார்களே, நம்மில் எத்தனை பேர் ஊரையெல்லாம் தூக்கிவிட ஓடியிருக்கிறோம்! நமக்காக நாம் ஒரு முறையாவது குதித்திருக்கிறோமா?

திரையில் நீருக்கு மேல் அந்த ஒற்றைக் கை எழுந்தது. அடுத்த நொடி மறைய வேண்டும். மறையவில்லை! அலை அப்படியே நின்றது. நுரை நின்றது. கை நின்றது. நான் பதறிப்போய்க் காதுக் கருவியில் கேட்டேன்.

“டேய், படம் நின்னு போச்சுடா!”

“நிக்கலக்கா. நிறுத்தியிருக்கேன்.”

“யாருக்காகவும் நிக்காதுன்னு சொன்னவன் நீதானடா?”

“அவ இன்னும் வரலக்கா.”

கேட்டீர்களா? ‘அவ இன்னும் வரல.’ இத்தனை காலம் இருட்டில் நின்ற எனக்கு, அந்த ஒரு வாக்கியத்தில் விடிந்தது!

குளத்திலிருந்து எழுந்தாள் பட்டாசு. ஒரு கைக்குச் சட்டை இல்லை. அரங்கத்தைப் பார்க்கவில்லை, நேராகத் திரையைப் பார்த்தாள். கதவளவு பெரிய கை அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடினாள். அந்தக் கை தெரிந்த நாடாக்களை இரு கைகளாலும் அள்ளிப் பிடித்தாள். காலை ஊன்றி இழுத்தாள். என் தம்பி, அந்தக் கடிகாரம், வாழ்க்கையில் முதல் முறையாகப் பின்னோக்கி ஓடினான்! படத்தைத் தலைகீழாக ஓட்டினான்! கை எழுந்தது. தோள் எழுந்தது. முகம் எழுந்தது. வெள்ளம் பின்வாங்கியது. விழுந்தவள் வானத்தில் ஏறிப் பாலத்தின் உயரத்தில் போய் நின்றாள்!

கீழே மூச்சு வாங்க நின்ற நிஜமானவள் விரலை நீட்டிச் சொன்னாள்: “இனிமே சொல்லிட்டுக் குதி!”

அப்போது எழுந்த ஆரவாரம் இருக்கிறதே! கூரைத் தகரம் அதிர்ந்தது. வெளியே போகிற வழியில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஏம்மா, அவங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா? பொழச்சாளே அவ, நல்லா இருக்காளா?” எந்த அவளைக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். ஐயா, தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

அன்று நம் இயக்குநர் ஐயா வெளியூரில் இருந்தார். பிறகு அன்றைய காட்சியின் பதிவைப் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு முடிவெடுத்தார். புதிய திரை வருகிறது. ஒளி உமிழும் ஒரே சுவர். பெட்டிகளில் பின்வாசலில் வந்து இறங்கிவிட்டது. அதில் நாடா கிடையாது, விலகாது, யாரும் உள்ளே போக முடியாது. பாய்ச்சல் முழுவதும் படத்திலேயே நடக்கும். பட்டாசு கடைசியில் வந்து கையசைத்தால் போதும். நாளை இந்தத் திரையைக் கழற்றுகிறார்கள். இன்று அவளுக்குக் கடைசிப் பாய்ச்சல்.

ஐயாவைக் குறை சொல்ல மாட்டேன். ‘ஒருத்தர் உடம்புல அடி படக் கூடாதும்மா, காட்சியில பிசகும் வரக் கூடாது’ என்றார். முதல் பாதிக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். மெத்தையை இன்னும் தடிமனாக்குங்கள், கம்பியை வழவழப்பாக்குங்கள், சட்டைக் கையை இறுக்கித் தையுங்கள், வரவேற்கிறேன்! இரண்டாம் பாதிக்குத்தான் இந்த வாயாடி வந்திருக்கிறேன்.

ஐயா, நீங்கள் பார்த்தது பதிவு. நானும் அதைப் போட்டுப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. ஏன்? யோசித்தேன், புரிந்தது. பதிவில் பாலத்தில் நிற்பவளும் படம், வெள்ளத்தில் விழுபவளும் படம்! இரண்டு படங்களில் ஒன்று பிந்தியிருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். அது பிழையாகத்தான் தெரியும். ஆனால் இந்த இருக்கைகளில் இருந்தவர்களுக்கு ஒருத்தி படம், ஒருத்தி உயிர். அவள் கிழித்த துணியின் சத்தம் கேட்டது. அவள் தெறிக்கவிட்ட தண்ணீர் முகத்தில் பட்டது. பிழை செய்யாதது எது? ஓடும் படம். பிழை செய்து, அதன் பின்னாலேயே பாய்ந்து அதைக் காப்பாற்றிக்கொண்டு வருவது எது? மனித உயிர்! அதைப் பார்க்கத்தானே இத்தனை பேர் வீட்டுத் திரையை அணைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்?

என்ன சொல்கிறாய் கண்ணா? ‘அவங்க குதிக்கட்டும்’ என்கிறாயா? அதை என்னிடம் சொல்லாதே, அதோ அந்த மாமாவிடம் சொல்!

ஐயா, உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. நீங்கள் இந்தப் பூங்காவைக் கட்டினீர்கள், இந்தத் திரையை வாங்கினீர்கள். ஒரு முறையாவது அதற்குள் போயிருக்கிறீர்களா? இல்லை அல்லவா? ஒரே ஒரு முறை போய் வாருங்கள். பாலம் வேண்டாம், குதிக்க வேண்டாம், தரையிலேயே நடந்து போங்கள். வந்து ‘கழற்று’ என்றால் என் கையாலேயே முதல் நாடாவை அவிழ்க்கிறேன். தம்பி, வெள்ளத்தைப் போடுடா!

எழுந்துவிட்டார்! தாய்மார்களே, தலைவர் எழுந்துவிட்டார்! வழி விடுங்கள். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுகிறார். பாருங்கள், அலை அவர் மேலேயே அடிக்கிறது, சட்டையெல்லாம் நுரை! கையை நீட்டுகிறார். நாடா விலகுகிறது. தோள் போயிற்று... தலை போயிற்று... வயிறு கொஞ்சம் யோசிக்கிறது... தள்ளுங்கள் ஐயா... போயே விட்டார்! நம் தலைவர் வெள்ளத்தில் போய்விட்டார்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! இன்னும் காணோமே... அதோ, நாடாக்களுக்கு நடுவே, நீருக்கு மேலே கை! அவருடைய கைதான், நிஜக் கை! பட்டாசு, ஓடு! பிடி, இழு! வந்துவிட்டார்! தலை கலைந்திருக்கிறது, முகமெல்லாம் சிரிப்பு. என்ன ஐயா சொல்கிறீர்கள்? ஒலிபெருக்கியிலேயே சொல்லுங்கள். வேண்டாமா? நானே சொல்கிறேன். ‘புதுச ஓரமா வேற எங்கயாவது மாட்டிக்கலாம். இத ஒருத்தனும் தொடக் கூடாது’ என்கிறார்!

இனி என் நன்றியுரை. கம்பியில் மாட்டிக்கொண்ட சட்டைக் கைக்கு நன்றி. முதலில் சிரித்த குழந்தைக்கு நன்றி. நிற்காத படத்தை நிறுத்திய விரலுக்கு நன்றி. நாற்காலியை விட்டு எழுந்து வெள்ளத்தில் நடந்த பெரிய மனதுக்கு நன்றி. கைவலிக்கத் தட்டிக்கொண்டிருக்கும் உங்கள் அத்தனை பேருக்கும் நன்றி.

நான் என் இருட்டுக்குப் போகிறேன். பட்டாசு, பாலத்தில் ஏறும்மா. அவசரமில்லை, நின்று நிதானமாக ஏறு. நீ வரும்வரை படம் காத்திருக்கும் என்று உன் வீட்டுக்காரன் கையசைத்துச் சொல்கிறான்.

என் வணக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள் அன்பர்களே. விளக்கு... இப்போ!